லிட்டருக்கு இருபது

ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கார் எவ்வளவு தூரம் ஓடும் என்னும் வினாவுக்கு விடை காண்பதற்காகக் கடல் கடந்து பயணம் செய்தவர் என்னையன்றி வேறொருவர் இருப்பாரென்று நான் நம்பவில்லை. இருந்தால், அவருக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியப் பணியிலிருந்து நான் ஓய்வு பெற்ற ஆண்டு அது. தொண்ணூறுகள் முடியும் தறுவாய். திருப்புல்லாணியிலிருந்து அக்காள் தொலைபேசியில் அழுதாள்.

“வள்ளி வந்து ஒக்காந்துருச்சுடா. புருசன் வீட்டுக்குப் போக மாட்டேங்குது. தாய்மாமன் நீ வந்து பேசுனாத்தான் ஆகும்.”

மாப்பிள்ளை அடித்தாரா என்று கேட்டேன். அவர் துபாயில் இருக்கிறார், தங்கமான பிள்ளை என்றாள். குடிக்கிறாரா என்று கேட்டேன். அவர் குடிப்பதில்லை என்றாள். பின் யார்தான் குடிக்கிறார்கள்?

“காரு” என்றாள்.

தொடர்பு அவ்விடத்தில் அறுந்தது. அறுந்திராவிட்டாலும் எனக்கு விளங்கியிராது. அக்காள் மகளுக்கு நான் ஒருவனே தாய்மாமன் என்பதால் புறப்பட்டேன். இந்த அலைச்சலுக்குக் கைம்மாறாக இராமேசுவரத்துப் பிராகாரத்தை ஒருமுறை நடந்து பார்த்துவிடுவதென்று மனத்துக்குள் ஒப்பந்தமும் செய்துகொண்டேன். பிறந்த நாட்டின் அப்பகுதியில் நான் பாராமல் விட்ட இடம் அது ஒன்றுதான்.

இராமநாதபுரம் இரயில் நிலையத்தில் என்னை எதிர்கொண்டவர் எதிர்க்கட்சிக்காரரே. வள்ளியின் மாமனார் முத்திருளப்பர், முதுகுளத்தூருக்கு அருகிலுள்ள சிற்றூரில் மிளகாயும் ஆடுமாக வாழ்பவர், மனைவியை இழந்தவர். நெடிய உடம்பு, நரைத்த மீசை, தோளில் துண்டு. என் பெட்டியைப் பறித்துக்கொண்டு முன்னே நடந்தார்.

“சண்டை கெடக்கட்டும் ஒரு பக்கம், சம்பந்தி. தாய்மாமன ஆட்டோவுல வர விட்டோம்னு நாளைக்கு ஊருக்குள்ள பேச்சு வரக்கூடாதுல்ல? நம்ம வீட்டுல கை நனைச்சுட்டு, பெறகு நானே திருப்புல்லாணியில கொண்டாந்து விடுறேன்.”

வழக்குக்குக் காரணமான வெள்ளைக் கார் வேப்பமரத்தடியில் நின்றது. இருக்கைகளின்மேல் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிக்கப்படவில்லை. கூரையில் இரும்புக் கம்பித் தட்டு ஒன்று புதிதாகப் பொருத்தப்பட்டு, அதன்மேல் இரண்டு மூட்டை வைக்கோலும் ஒரு மர நாற்காலியும் கட்டப்பட்டிருந்தன. நாற்காலி யாருடையது என்று கேட்டேன். யாரோ ஒருவர் அபிராமத்தில் கொடுத்துவிடச் சொன்னாராம். போன வாரமே கொடுத்திருக்க வேண்டுமாம்.

ஏறியதும் குளிர்க்காற்றை முழுவேகத்தில் திருகிவிட்டார். பிறகு நான்கு கண்ணாடிகளையும் கீழே இறக்கினார். குளிர்க்காற்று முழுவதும் இராமநாதபுரம் மாவட்டத்துக்குப் பொதுவுடைமையாயிற்று. இரண்டில் ஒன்றைச் செய்யலாமே என்று பணிவுடன் கூறினேன்.

“சீமையிலருந்து வந்துருக்கீக. ஏசி போடாம கூட்டிக்கிட்டுப் போவாகளா?”

அப்படியானால் கண்ணாடிகளையேனும் ஏற்றலாமே என்றேன்.

“கண்ணாடிய ஏத்திவிட்டுப் போனா ரோட்டுல நிக்கிறவுக என்ன நெனைப்பாக? காரு வந்ததும் முத்திருளுக்குக் கண்ணு தெரியலன்னுல்ல சொல்லுவாக?”

அவ்வாறு யாரும் சொல்லிவிடாதிருக்க அவர் எடுத்துக்கொண்ட முயற்சியை நான் அடுத்த இரண்டு மணி நேரம் கண்டேன். அந்தச் சாலையில் ஒரு மனிதர் நடந்து போகும்போது கார் அவரைக் கடந்து போவதென்பது கிடையாது. கார் நிற்கும். “எங்கன போறீக? ஏறுங்க” என்பார். ஏறுவோர் உண்டு, ஏறாதோரும் உண்டு. ஏறாதவரிடம் ஏன் ஏறவில்லை என்பதையும் அவர் வீட்டு மாட்டின் உடல்நிலையையும் விசாரித்து முடிக்கும்வரை கார் உறுமிக்கொண்டு நிற்கும். அணைத்துவிட்டுப் பேசலாமே என்றால், அணைத்தால் ‘உட்கார்ந்து பேச வந்தவன்’ ஆகிவிடுவாராம். பிறகு காப்பி குடிக்காமல் விடமாட்டார்களாம். ஒரு கிழவி தன் வெள்ளாட்டுடன் ஏறினாள். ஆடு பின்னால் நின்றது. அதன் குட்டி என் மடியில் அமர்ந்தது.

“பயப்படாதீகய்யா, கடிக்காது” என்றாள் கிழவி.

கடிப்பதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. வேறொன்றைப் பற்றிக் கவலைப்பட்டேன். அது அபிராமம் பிரிவு வருவதற்குள் நடந்தும்விட்டது.

பினாங்கில் நான் முப்பதாண்டுகளாகக் கார் வைத்திருக்கிறேன். என்னைக் கேளாமல் அதில் எவரும் ஏறியதில்லை. நானும் எவரையும் ஏறச் சொன்னதில்லை. அதைப் பண்பாடென்றே எண்ணியிருந்தேன். முத்திருளப்பரிடம் சொன்னபோது அவர் என்னை இரக்கத்துடன் பார்த்தார். “ரோட்டுல ஒருத்தர்கூட நிக்க மாட்டாகளா?” என்றார்.

அவர் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. அவரே சமைத்தது. அந்த மண்ணின் குண்டு மிளகாயை எண்ணிப் போடாமல் அள்ளிப் போட்டிருந்தார். இரண்டாம் கவளத்தில் எனக்குக் காது அடைத்தது. கண்ணீர் இலையில் விழுந்தது. அவர் அதை உறவின் உருக்கமென்று எடுத்துக்கொண்டு, “வள்ளி வச்சா இன்னும் நல்லாருக்கும்” என்று தாமும் கண்ணைத் துடைத்தார். பிறகு தம் கட்சியைச் சொன்னார்.

“கல்யாணப் பந்தல்ல ஒங்க அத்தான் மைக்குல சொல்லவச்சாரு, சம்பந்தி. இந்தக் காரு லிட்டருக்கு இருபதுன்னு. நான் காரு கேக்கல. எம்மகனும் கேக்கல. அவராக் குடுத்தாரு, அவராச் சொன்னாரு. மைக்குல சொன்னா அது வாக்கு. ஓடுறது பன்னெண்டு. கேட்டா தப்பா?”

கேட்டீர்களா, ஏசினீர்களா என்றேன்.

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். “கோயில்ல கெடா வெட்டுன அன்னிக்கு நாலு பேரு இருந்தாக. பேச்சு வாக்குல, ‘சம்பந்தி வாயி மாதிரிதான் அவரு குடுத்த வண்டியும், சொல்றது இருபது, செய்றது பன்னெண்டு’ன்னேன். எல்லாரும் சிரிச்சாக. வள்ளி சோறு போட்டுக்கிட்டு நின்டுச்சு. கரண்டிய வச்சுருச்சு. பஸ் ஏறிப் போயிருச்சு.”

அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் எல்லாம் முடிந்துவிடுமே என்றேன்.

“சொன்னது சொன்னதுதான். வண்டி இருபது ஓடட்டும், எடுத்துக்கிறேன்.”

இதற்காகத்தான் நான் வானூர்தி ஏறினேன்.

மறுநாள் திருப்புல்லாணி. அக்காள் பாரை மீன் குழம்பு வைத்திருந்தாள். முந்தைய நாள் புண்ணான நாக்கு அதன் சுவையை அறியும் நிலையில் இல்லை. அத்தான் கருமலையான் உண்ணக்கூட விடாமல் என்னைத் தொலைக்காட்சியின் முன் அமர்த்தித் திருமண வீடியோ நாடாவை ஓடவிட்டார். நாகசுரம், மாலை, கூட்டம். மொய் எழுதியவர் பெயர்களை ஒலிபெருக்கியில் படிக்கும் குரல் இடையில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு முழங்கியது: “மணமகளின் தந்தையார் அன்பளிப்பாக வழங்கும் புத்தம்புதிய கார்! லிட்டருக்கு இருபது! இருபது கிலோமீட்டர் ஓடக்கூடியது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்!” பந்தலில் கைதட்டல். திரையிலிருந்த அத்தான் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். எனக்கருகில் இருந்த அத்தானும் சரிசெய்துகொண்டார்.

“நானாச் சொன்னேன் மச்சான்? கம்பெனிக்காரன் போட்டுருக்கான். சர்க்கார் சோதிச்சு முத்திரை குத்துன கணக்கு. கம்பெனி பொய் சொல்றானா?”

பொய்யன்று என்றேன். அந்தக் கணக்கு ஓர் அறைக்குள் எடுக்கப்படுவது. சக்கரங்கள் உருளைகளின்மேல் சுழலும். அங்கே காற்றில்லை, மேடில்லை, குழியில்லை, வெள்ளாடில்லை. என் காரும் பினாங்கில் ஒருநாளும் அந்தக் கணக்கை எட்டியதில்லை. அதற்காக எங்கள் வீட்டில் எவரும் பெட்டியைக் கட்டவில்லை. இப்படி ஒரு வகுப்பே எடுத்தேன்.

“அப்ப நான் பொய் சொன்னேனா?”

இல்லை என்றேன்.

“கம்பெனியும் பொய் சொல்லல. நானும் பொய் சொல்லல. அப்ப மீதி எட்டுக் கிலோமீட்டர யாரு தின்னா?”

விடை எனக்குத் தெரியும். என் சட்டையில் அதன் கறை இன்னும் இருந்தது. சொன்னால் முத்திருளப்பர் ஆட்டை ஏற்றிப் பெட்ரோலை அழிக்கிறார் என்று இங்கிருந்து ஒரு பேச்சுப் புறப்படும்; சண்டை இரண்டாகும். வாய் மூடினேன். முப்பதாண்டுகள் கற்பித்தவனுக்கு அது எளிதாக இல்லை.

வள்ளி கொல்லையில் நின்று துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். குழந்தைப் பருவத்தில் பார்த்த அதே பிடிவாத முகவாய். கார் இருபது ஓடினால் போவாயா என்று கேட்டேன்.

“அது இருபது ஓடுனா என்ன, ரெண்டு ஓடுனா என்ன, பினாங்கு மாமா? எங்கய்யாவ நாலு பேரு முன்னாடி ஏளனம் பேசுனாக. நாலு பேரு முன்னாடியே அந்தப் பேச்ச எடுக்கணும். தனியா வந்து எங்காதுல சொன்னா ஆகாது.”

எடுக்கவே மாட்டார் போலிருக்கிறதே என்றேன்.

ஈரத் துணியை உதறினாள். “அவுகளுக்குச் சீனி நோயி. மாத்திரை நேரத்துக்குப் போட மாட்டாக. வாயக் கட்டவும் தெரியாது. நேத்து என்ன சாப்பிட்டாக?”

சொன்னேன். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபுறம் திரும்பினாள்.

ஒருவரையொருவர் எண்ணி வருந்தும் இருவருக்கிடையே ஒரேயொரு எண் நின்றது. அந்த எண்ணைத்தான் அசைக்க வேண்டும் போலும் என்று நானும் அவர்களைப் போலவே எண்ணத் தொடங்கினேன். அப்பகுதியின் வெயிலுக்கு அத்தகைய ஆற்றல் உண்டு.

கார் விற்ற கடைக்கு நேரில் போய் முறையிட்டேன். கழுத்துப்பட்டை கட்டிய மேற்பார்வையாளர் ஒருவர், வியர்வையில் அது கயிறாகத் திரிந்திருக்க, ஒரு வழி சொன்னார். அளந்த ஒரு லிட்டர் பெட்ரோலைப் புட்டியில் ஊற்றி காரின் முன்மூடிக்குள் கட்டித் தொங்கவிட்டு, குழாயை இணைத்து, அது தீரும்வரை ஓட்டுவது. கார் எங்கே நிற்கிறதோ அதுவே தீர்ப்பு. எந்தச் சாலை என்று அவர் கேட்டபோது, ஒரு கல்லில் இரு மாங்காய் வீழ்த்தும் ஆசையில், இராமேசுவரச் சாலை என்றேன்.

முத்திருளப்பரும் இசைந்து காருடன் வந்தார். மூன்றாம் நாள் விடியலில் கடையிலிருந்து புறப்பட்டோம். மேற்பார்வையாளர் ஓட்டினார். முத்திருளப்பர் முன்னே, நான் பின்னே. குளிர்க்காற்றுக்குத் தடை. கண்ணாடிகள் முழுவதும் மேலே. திறந்தால் காற்று இழுக்குமாம். கூரைத் தட்டைக் கழற்றிக் கடையிலேயே வைத்துவிட்டார். அந்த நாற்காலியும் அங்கேயே இறங்கிற்று. உள்ளே வெந்தோம்.

“சார், அசையாம வாங்க” என்றார் என்னிடம்.

நான் அசைந்தால் பெட்ரோல் குறையுமா என்றேன்.

“அப்படி இல்ல சார். ஒரு ஒத்துழைப்புக்குத்தான்.”

ஊர்வதுமில்லை, ஓடுவதுமில்லை என்னும் ஒரே வேகத்தில் போனோம். சாலையோரம் ஒருவர் கை காட்டினார். கடந்தோம். இன்னொருவர் கை காட்டினார். அவரையும் கடந்தோம். ஒவ்வொரு முறையும் முத்திருளப்பர் இருக்கையில் குறுகி, துண்டால் முகத்தை மறைத்தார். பால் தூக்குடன் நின்ற ஒரு பெண்ணைக் கடந்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

“ஏலே, நிப்பாட்டுலே!”

“நிப்பாட்டுனா ரீடிங் போயிரும்யா.”

“ஆளு போகுதேலே!”

உச்சிப்புளியைத் தாண்டிச் சிறிது தொலைவில் கார் இருமிற்று, விக்கிற்று, நின்றது. மேற்பார்வையாளர் குனிந்து பார்த்துவிட்டு, வெற்றி வீரரைப்போல் நிமிர்ந்தார். “பத்தொம்பதரை! பாத்தீங்களா? வண்டில குறையே இல்ல.”

முத்திருளப்பர் இறங்கினார். சட்டையைப் பிழிந்தார்.

“இதுக்குப் பேரு ஓட்டுறதா? பொணத்த வச்சுக் கொண்டுபோனாக்கூட நாலு எடத்துல எறக்கி வைப்பாகடா. மனுசன் ஓட்டுற மாதிரி ஓட்டணும். நாளைக்கு நான் ஓட்டுறேன். இதே எடத்துலருந்து. ஒரு லிட்டரு சின்னப் புள்ளைக்குப் பத்தும், ரெண்டா ஊத்து.”

கிழக்கே கைகாட்டி, வந்ததுதான் வந்தோம், இராமேசுவரம்வரை போய்விட்டு வரலாமே என்றேன். மேற்பார்வையாளருக்குப் பதினொரு மணிக்குக் கடையில் வேலை இருந்தது. குழாயைத் தொட்டிக்கே மாற்றிக்கொண்டு திரும்பினோம். வழியில் ஒரு கடையில் குடித்த பதநீர் ஒன்றே அன்றைய நற்பேறு. அதுவும் சற்றுப் புளித்திருந்தது.

அன்று மாலை நடந்ததைத் திருப்புல்லாணியில் சொன்னேன். பத்தொன்பதரை என்றதும் அத்தான் எழுந்து நின்றார். இருபதுக்கு அரை குறைவென்பது விளங்கியதும் உட்கார்ந்தார். வள்ளி மட்டும் கேட்டாள்:

“நாளைக்கு மாமாவே ஓட்டுறாகளா? மண்டபம் வழியாத்தானே? எத்தன மணிக்கு?”

உனக்கெதற்கு என்று சலித்துக்கொண்டே சொன்னேன்.

“சும்மாதான்” என்றாள்.

நான்காம் நாள் உச்சிப்புளிக்கு அப்பால், முந்தைய நாள் நின்ற புளியமரத்தடியில், பெரிய புட்டியில் இரண்டு லிட்டர் ஊற்றினார்கள். அத்தானை அழைத்தேன்; சம்பந்தி ஓட்டும் காரில் ஏறமாட்டேனென்று வீட்டிலேயே இருந்துவிட்டார். முத்திருளப்பர் அமர்ந்தார். குளிர்க்காற்றைத் திருகினார். கண்ணாடிகளை இறக்கினார். பின்னிருக்கையில் மேற்பார்வையாளர் கண்களை மூடிக்கொண்டார்.

எனக்கோ ஒரு நம்பிக்கை இருந்தது. இது கடற்கரைப் பக்கம். முத்திருளப்பரை அறிந்தவர் இங்கே எவருமிலர். நிற்காமல் போவோம், மண்டபம், பாம்பன், இராமேசுவரம். என் நம்பிக்கை சரியாகப் பனங்கூட்டம் ஒன்றைக் கடக்கும்வரை நிலைத்தது. குடை பிடித்த ஒரு முதியவர், வெள்ளைத் தொப்பி அணிந்தவர், சாலையோரம் நடந்துகொண்டிருந்தார். கார் நின்றது.

“எங்கன போறீக, பாய்? ஏறுங்க.”

“அல்ஹம்துலில்லாஹ்! பாம்பன்ல மக வீட்டுக்கு வாப்பா.”

முன்பின் அறியாதவராயிற்றே என்று நான் முணுமுணுத்தேன்.

“ஏறுன பெறகு தெரிஞ்சுட்டுப் போகுது, சம்பந்தி.”

அடுத்து, வெற்றுக் கூடையுடன் மீன்காரி ஒருத்தி. கூடை வெற்றென்பது கண்ணுக்குத்தான். மூக்கு அவ்வாறு சொல்லவில்லை. மேற்பார்வையாளர் தம் கழுத்துப்பட்டையைச் சட்டைக்குள் செருகி, நடுவில் ஒடுங்கினார்.

“என்ன தம்பி மூஞ்சியச் சுளிக்கிற? கல்யாணம் முடிச்சாச்சா?”

“இல்லக்கா.”

“அதான் மீன் வாடை புடிக்கல. முடிச்சுட்டா எல்லாம் பழகிரும்.”

பாய் மடக்கிய குடையில் முகத்தை மறைத்துச் சிரித்தார். இன்னும் மூவருக்காக நின்றோம். இருவர் ஏறவில்லை, ஒருவர் ஏறி அடுத்த திருப்பத்திலேயே இறங்கினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மேற்பார்வையாளர் பெருமூச்சு விட்டார். அவருடைய பெருமூச்சையும் என்னுடையதையும் சேர்த்து உள்ளே செலுத்தியிருந்தால் கார் இன்னும் சற்று ஓடியிருக்கும்.

மண்டபத்தில் பேருந்து நிறுத்தம். அங்கே நால்வர் ஐவரிலிருந்து விலகி, கையில் துணிப்பையுடன், சாலையை நேராக நோக்கி நின்றாள் வள்ளி. கை காட்டவில்லை. தலையையும் திருப்பவில்லை.

முத்திருளப்பரின் கால் தளர்வதை உணர்ந்தேன். கார் மெதுவாயிற்று. பிறகு சற்று விரைந்தது. பிறகு மீண்டும் மெதுவாயிற்று. நிறுத்தினால் தாமே முதலில் பேச வேண்டும். நிறுத்தாவிட்டால், சாலையில் நிற்கும் ஒருத்தியை, தம் வீட்டுப் பெண்ணை, கடந்து போனவராவார். அந்த மனிதர் வாழ்நாளில் செய்யாத ஒன்று அது. முந்தைய நாள் காலை பிறர் ஓட்டியபோதே துண்டால் முகத்தை மூடியவர்.

கார் அவளைத் தாண்டி ஒரு காரளவு போய் நின்றது. பின்னால் வந்தது.

ஒலியெழுப்பவில்லை. வெளியே பார்க்காமல், கையிலிருந்த சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எங்கன போகணும்?”

“பஸ்ஸுக்கு நிக்கிறேன்.”

“ஏறு ஆத்தா.”

“வண்டி குடிக்குமாமே மாமா. நான் வேற ஏறுனா இன்னும் குடிக்கும்.”

மீன்காரி முன்னிருக்கையின்மேல் சாய்ந்தாள். “யாரு, மருமகளா? ஏன் பொண்ணு, என்ன கோவம்?”

வள்ளி சொன்னாள். நான்கு வாக்கியத்தில், எழுத்துப் பிசகாமல், கெடாவெட்டுப் பந்தியில் கேட்டதைக் கேட்டபடியே சொன்னாள்.

பாய் குடையால் காரின் தரையைத் தட்டினார். “பொண்ணு குடுத்தவுகள அப்படிச் சொல்லலாமா வாப்பா?”

“நாலு பேரு முன்னாடி சொன்னாக” என்றாள் வள்ளி. “நாலு பேரு முன்னாடி எடுக்கட்டும்.”

“அதுக்கென்ன, நாங்க இருக்கம்ல?” மீன்காரி விரல் நீட்டி எண்ணினாள். “நான் ஒண்ணு, பாய் ரெண்டு, இந்தக் கல்யாணம் ஆகாத தம்பி மூணு, முன்னாடி ஒக்காந்துருக்கிற வெளியூரு வாத்தியாரு நாலு. சொல்லுங்கய்யா. எனக்கு ஏலத்துக்கு நேரமாகுது.”

நான் வாத்தியாரென்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

முத்திருளப்பர் காரை அணைத்தார். நான்கு நாள்களில் அவர் நடுவழியில் அதை அணைத்தது அப்போதுதான். கதவைத் திறந்து இறங்கி, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“வண்டியும் குடிக்கல, ஒங்கய்யாவும் பொய் சொல்லல. நாந்தான் ஊத்தி ஊத்தி விட்டேன். அன்னிக்குப் பேசுன பேச்ச எடுத்துக்கிட்டேன். போதுமா? ஏறு ஆத்தா, வெயிலாருக்கு.”

வள்ளி ஏறினாள். பாய் கதவோரம் ஒடுங்கினார். மேற்பார்வையாளர் மீன்கூடையை மடியில் ஏற்றுக்கொண்டார். பிறகு வள்ளி, “கறிக்கொழம்பு வச்சீகளாமே?” என்றாள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் காட்டிக்கொடுத்தவனானேன்.

பாலத்தில் ஏறினோம். இருபுறமும் கடல். கீழே, தாழ்வாக, இரயில் பாலம். காற்று காரைப் பக்கவாட்டில் அறைந்தது. தூரத்தில் இராமேசுவரத் தீவின் மரங்கள் தெரிந்தன. கோபுரமும் தெரியுமா என்று நான் கழுத்தை நீட்டிய வேளையில் கார் இருமிற்று. விக்கிற்று. பாலத்தின் முகட்டுக்குச் சற்றுக் கீழே, ஏற்றத்தில், நின்றேவிட்டது.

பினாங்குப் பாலத்தில் கார் நின்றால் சிவப்பு விளக்குச் சுழல இழுவை வண்டி வரும், தண்டம் விதிப்பார்கள், பின்னால் நிற்பவர் எவரும் தம் கதவைத் திறக்கமாட்டார். இங்கே பின்னால் வந்த பேருந்து முதலில் காது கிழியக் கத்திற்று. பிறகு அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கி வந்தார்கள். என்ன, ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. கை வைத்தார்கள். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாயும், கூடையை இடுப்பில் ஏற்றிச் சேலையைச் செருகிக்கொண்டு மீன்காரியும் தள்ளினார்கள். நானும் தள்ளினேன். ஓய்வூதியம் வாங்கும் வயதில், கடலுக்குமேல், மீன்கூடையில் முகம் உரச, ஒரு காரைத் தள்ளினேன்.

“ஐலசா! இன்னுங் கொஞ்சம்! தம்பி, டையைக் கழட்டிட்டுத் தள்ளு!”

முகடு வந்தது. கார் தன் பாரத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. “ஏறுங்க, ஏறுங்க!” என்று முத்திருளப்பர் கத்த, ஓடிப்போய் ஏறினோம். இறக்கத்தில் உறுமலின்றி உருண்டது. குளிர்க்காற்று இல்லை, வேண்டியதுமில்லை. கடற்காற்று நான்கு சன்னல்களிலும் புகுந்து புறப்பட்டது.

“இது கணக்குல வராது!” என்று அலறினார் மேற்பார்வையாளர். “பெட்ரோல் இல்லாம ஓடுறது கணக்குல வராதுய்யா! அவ்வளவு சீக்கிரம் பிரேக் புடிக்காது, பாத்து!”

பாம்பன் பக்கம் சமதரையில் கார் தானாகவே ஓய்ந்தது. பாயும் மீன்காரியும் இறங்கினர். மீன்காரி போகிற போக்கில் வள்ளியின் கன்னத்தைக் கிள்ளினாள். தொட்டியில் இருந்தது காலையில் புளியமரம்வரை வருவதற்கே சரியாயிற்று; பெட்ரோல் வாங்கிவர மேற்பார்வையாளர் போக வேண்டும். அதற்குமுன் அவர் பேனாவைத் திறந்தார். அவர் முகத்தில் அடக்க முடியாத வெற்றி இருந்தது. கண்ட கணக்கு பன்னிரண்டைக்கூட எட்டவில்லை என்பது எனக்கே தெரியும்.

“ஐயா ஓட்டுன கணக்க எவ்வளவுன்னு எழுத?”

முத்திருளப்பர் திரும்பிப் பார்த்தார்.

“இருபதுன்னு எழுது. மைக்குல சொன்னது சொன்னதுதான்.”

மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். படித்தவர், வெளிநாட்டவர், நடுநிலையாளர். நான் திருத்துவேன் என்று எதிர்பார்த்தார். வள்ளி தன் பையிலிருந்து மாத்திரை அட்டையையும் தண்ணீர்ப் புட்டியையும் எடுத்து மாமனாரின் கையில் திணித்துக்கொண்டிருந்தாள். இருபதென்றே எழுதும்படி நானும் சொன்னேன்.

பெட்ரோல் வந்து சேர நண்பகலாயிற்று. காரைத் திருப்பினார்கள். இராமேசுவரம் இதோ இருக்கிறதே, இத்தனை தூரம் வந்தோமே என்றேன்.

“அது எங்க போயிரப் போகுது, சம்பந்தி? புள்ளைய மொதல்ல வீட்டுல கொண்டுபோய்ச் சேக்கணும். போற வழியில திருப்புல்லாணியில எறங்கி ஒங்க அத்தான ஒரு வார்த்த பாத்துட்டுப் போவோம். ஆமா, அந்த நாக்காலி கடையிலயே கெடக்கே?”

பாலத்தின் தொடக்கத்தில் ஒருவர் கை காட்டினார். கார் நின்றது.